முட்டை எங்கே போயிற்று?

சித்தூர் அருகே ஒரு கொல்லைக் கோழி 20 நாளாக முட்டையிடவில்லை. தண்டனை அறிவிக்கப்பட்டுவிட்டது. விசாரணைதான் பாக்கி.

சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் போகும் சாலையை ஒட்டிய கிராமம் ஒன்றில் என் அக்காவின் வீடு. இரண்டு மாடு, ஒரு முருங்கை மரம், மூன்று கோழி. கடந்த மே மாதம் முதல் வாரத்தில் நான் அங்கே போனபோது வீட்டில் ஒரு வழக்கு முடிவாகியிருந்தது. மூன்றில் மூத்ததான கறுப்புக் கோழி 20 நாளாக முட்டையிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மருமகன் வருகிறார். சித்தூர்ப் பக்கத்தில் மருமகன் வந்தால் ராகி சங்கடியும் நாட்டுக்கோழிப் புலுசும் வைக்காமல் அனுப்புவதில்லை. இரண்டையும் இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டார் மாமா.

“வயசாயிடுச்சு. தீனி தண்டம். ஞாயித்துக்கெழமைக்கு ஆகட்டும்” என்பது அவர் தீர்ப்பு.

அக்கா பதில் பேசவில்லை. ஆனால் அவருக்கு மனமில்லை என்பது தெரிந்தது. மற்ற இரண்டும் அரசுத் திட்டத்தில் வந்த கிராமப்பிரியா ரகம். முட்டை இடும், அடை உட்காராது. குஞ்சு பொரிப்பது கறுப்புக் கோழி ஒன்றுதான். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை பொரித்து, நாய்க்கும் பருந்துக்கும் போக மிஞ்சியதை விற்றால் வருகிற பணம் அக்காவின் கைக்காசு. பால் பணம் மாமாவிடம் போய்விடும். கோழிப் பணத்துக்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“நீ நாலு எழுத்துப் படிச்சவன்தானே தம்பி. ஏன் நின்னுபோச்சுன்னு பாரேன்” என்றார் அக்கா. நான் படித்தது தமிழிலக்கியம். பிழைப்பு மொழிபெயர்ப்பு. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

தெலுங்கில் குக்குட சாஸ்திரம் என்று ஒன்று உண்டு. எந்த நிறச் சேவல் எந்த நாளில் எந்த நிறச் சேவலை வெல்லும் என்று சொல்வது. சங்கராந்தி வந்தால் கோதாவரி மாவட்டங்களில் பலர் அதைப் புரட்டுகிறார்கள். சண்டை போடும் சேவலுக்குச் சாஸ்திரம் உண்டு. முட்டையிடும் பெட்டைக்கு இல்லை. அதன் காரியம் வீட்டுப் பெண்களின் அனுபவத்தோடு நின்றுவிட்டது.

இத்தனைக்கும் இது சின்ன விஷயம் அல்ல. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கோழி உள்ளிட்ட வளர்ப்புப் பறவைகள் 85.18 கோடி. அதில் 31.7 கோடி வீட்டுக் கொல்லைகளில் வளர்பவை. 2012 கணக்கோடு ஒப்பிட்டால் கொல்லைப் பறவைகள் ஏறத்தாழ 46 சதவீதம் பெருகியிருக்கின்றன. முட்டையில் ஆந்திரத்துக்குத்தான் முதலிடம்: 2022-23இல் நாட்டில் உற்பத்தியான 13,838 கோடி முட்டைகளில் 20.13 சதவீதம் ஆந்திரத்தினுடையது. அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. ஆனால் இந்தக் கோடிகளில் பெரும்பகுதி கூண்டுப் பண்ணைகளிலிருந்து வருகிறது. அங்கே ஒரு கோழி நின்றுவிட்டால் யாரும் காரணம் தேடுவதில்லை; கொட்டகையையே மொத்தமாக மாற்றிவிடுவார்கள். ஒரே ஒரு கோழிக்காக யோசிக்க வேண்டியிருப்பது கொல்லையில்தான்.

விடுமுறையா, வேலை நிறுத்தமா?

முதலில் ஒரு கணக்கு. பண்ணைக் கோழி வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. நாட்டுக் கோழி இடுவது 50 முதல் 70. இது சோம்பல் அல்ல. ஒரு சுற்றுக்கான முட்டைகளை இட்டு முடித்ததும் அதன் உடலில் புரோலாக்டின் என்ற சுரப்பு கூடுகிறது. சினைப்பை ஓய்ந்துவிடும். கோழி அடைக்கு உட்காரும். 21 நாள் அடை. அதன்பின் இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடு திரியும். ஆக ஒரு சுற்றுக்கு நான்கு மாதம். வருடத்துக்கு மூன்று சுற்று. முட்டையிடாத நாட்கள்தான் அதன் வாழ்க்கையில் அதிகம். பண்ணைக் கோழியின் கணக்கை வைத்துக்கொண்டு நாட்டுக் கோழியைப் பார்த்தால் அது எப்போதும் குற்றவாளிதான்.

அடை விடாத கோழியை வழிக்குக் கொண்டுவரக் கிராமத்தில் கொடுமையான வைத்தியங்கள் உண்டு. தண்ணீரில் முக்குவார்கள். காலைக் கட்டிப்போடுவார்கள். இறகை உருவி மூக்குத் துளையில் செருகுவார்கள். இவை எதுவும் தேவையில்லை. அடியில் காற்றோட்டமுள்ள கூண்டில், கூடும் வைக்கோலும் இல்லாமல் சில நாள் அடைத்துத் தீனியும் தண்ணீரும் வைத்தால் போதும். வயிற்றுச் சூடு தணிந்து அடை கலைந்துவிடும்.

கறுப்புக் கோழி அடையில் இல்லை. ஜனவரியில் பொரித்த குஞ்சுகளை மார்ச் கடைசியில் விரட்டிவிட்டு, ஏப்ரல் தொடக்கத்தில் மறுபடி முட்டையிட ஆரம்பித்தது. அக்கா கணக்கு வைத்திருந்தார்: ஏழு முட்டை. அதன் பிறகு ஒன்றுமில்லை. கிராமப்பிரியா முட்டை பழுப்பு நிறம். நாட்டு முட்டை வெளிர் நிறம், அளவும் சிறியது. ஆகவே எந்தக் கோழி நிறுத்தியது என்பதில் சந்தேகம் இல்லை.

இறகு உதிர்க்கும் பருவமாக இருக்குமா? கோழி வருடத்துக்கு ஒருமுறை பழைய இறகை உதிர்த்துப் புது இறகு போடும். இறகு முழுக்கப் புரதம். அந்த இரண்டு மூன்று மாதம் உடம்பில் உள்ள சத்து இறகுக்கே சரியாக இருக்கும், முட்டை நின்றுவிடும். ஆனால் கறுப்புக் கோழியின் கழுத்திலும் வாலிலும் இறகுகள் அப்படியே இருந்தன. கொல்லையில் உதிர்ந்த இறகும் கிடக்கவில்லை.

வெயில், வெளிச்சம், வேர்க்கடலை

அடுத்த சந்தேகம் வெயில் மேல். திருப்பதிப் பக்கம் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் சூடே 41 டிகிரி. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். அப்படி இரைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு வேகமாக வெளியேறுகிறது. முட்டை ஓடு என்பது கால்சியம் கார்பனேட். கார்பனேட் குறைந்தால் ஓடு மெலியும். கூடவே தீனியும் குறையும், முட்டையும் குறையும். ஆனால் அதே வெயிலில் கிராமப்பிரியா இரண்டும் இட்டுக்கொண்டிருந்தன. வெளிநாட்டு ரத்தம் கலந்தவை தாங்கும் வெயிலை நாட்டுக் கோழி தாங்காது என்றால் நம்ப முடியவில்லை.

வெளிநாட்டுப் புத்தகங்கள் வெளிச்சத்தைக் குறை சொல்லும். கோழியின் சினைப்பையை இயக்குவது பகல் நேரத்தின் நீளம். பண்ணைகளில் விளக்குப் போட்டுப் பகலை 16 மணி நேரமாக்குவது இதனால்தான். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. அங்கே குளிர்காலத்தில் கோழி நிறுத்துவதில் வியப்பில்லை. திருப்பதியிலோ மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 55 நிமிடம்; மிகக் குறைந்தது 11 மணி 20 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதுவும் மே மாதத்தில் பகல் வளர்ந்துகொண்டிருக்கிறது. இங்கிலீஷ் புத்தகத்தின் காரணத்தை அப்படியே மொழிபெயர்த்துக் காணிப்பாக்கம் சாலைக்குக் கொண்டுவர முடியாது என்பது புரிந்தது.

தீனி? ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்பதில் பாதிதான் உடம்பில் ஒட்டும் என்பதால், முட்டையிடும் நாளில் கோழிக்குச் சுமார் 4 கிராம் தேவை. ராகியில் கால்சியம் நிறைய உண்டு என்று நாம் பெருமைப்படுகிறோம். உண்மைதான்: 100 கிராமில் 344 மில்லிகிராம். அதாவது ஒரு கோழி ஒரு நாள் முழுக்க ராகியையே தின்றாலும் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். மிச்சத்துக்குக் கிளிஞ்சல் தூளோ சுண்ணாம்புக் கல்லோ நத்தையோ வேண்டும். அக்கா வீட்டில் முட்டை ஓட்டை வறுத்து நொறுக்கித் தவிட்டில் கலப்பது வழக்கம். வறுத்து நொறுக்குவதற்குக் காரணம் உண்டு. ஓட்டை முழுசாகப் போட்டால் கோழி முட்டையைக் கொத்திக் குடிக்கப் பழகிவிடும்.

வேர்க்கடலை விளையும் சீமை இது. பூசணம் பிடித்த சொத்தைக் கடலையைக் கோழிக்குப் போடுவது பல வீடுகளில் நடக்கிறது. அது ஆபத்து. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப்போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. அஃப்ளடாக்சின் என்ற பூசண நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்தது அப்போதுதான். கொஞ்சமாக உடம்பில் சேர்ந்தாலும் ஈரல் கெடும். மஞ்சள் கரு உருவாவது ஈரலில் என்பதால் முட்டையும் குறையும். அக்காவிடம் கேட்டேன். சொத்தைக் கடலை அந்த வீட்டில் அடுப்புக்குத்தான் போகிறது.

நோயும் வயதும்

நோய் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெள்ளைக் கழிச்சல். தெலுங்கில் கொக்கெர தெகுலு என்பார்கள். 1920களின் பிற்பகுதியில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் ராணிக்கேத் நோய் என்று பெயர். உலகத்தின் பிற பகுதிகளில் நியூகாஸில் நோய் என்கிறார்கள்; அது இங்கிலாந்து ஊரின் பெயர். இந்த நோய் வந்தால் முட்டை சட்டென்று நிற்கும் அல்லது தோல் முட்டையாக வரும். ஆனால் அதோடு பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் எல்லாம் சேரும். கொல்லையில் ஒன்று மட்டும் விழாது; வரிசையாக விழும். பறவைக் காய்ச்சலும் அப்படியே. 2024 பிப்ரவரியில் பக்கத்து நெல்லூர் மாவட்டத்திலும், 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களிலும் அது வந்தபோது கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அப்படி நடந்தால் கோழியைத் தொடக்கூடாது. உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும்.

கறுப்புக் கோழியோ குப்பையைக் கிளறிக்கொண்டு, கிராமப்பிரியாக்களைக் கொத்தி விரட்டிக்கொண்டு திரிந்தது. கொண்டை சிவந்திருந்தது. நோயாளி இப்படி இருக்காது.

மிஞ்சியது வயது. மூன்று வயது முடிந்திருக்கும் என்றார் அக்கா. முதல் வருடம்தான் கோழிக்கு உச்சம். இரண்டாவது வருடத்துக்குப் பிறகு குறைந்துகொண்டே போகும். மாமாவின் தீர்ப்பு சரியாகிவிடும் போலிருந்தது.

மறுநாள் வேலையாகத் திருப்பதி போனேன். சித்தூரும் திருப்பதியும் 2022 ஏப்ரல் 4 வரை ஒரே மாவட்டம். மாவட்டம் பிரிந்தாலும் மாட்டுக்கும் கோழிக்கும் பெரிய யோசனை கேட்க வேண்டுமென்றால் சித்தூர்க்காரர்கள் இன்றும் திருப்பதிக்குத்தான் போகிறார்கள். கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே 1955 முதல் இருக்கிறது. 2005இல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகமும் வந்தது. எனக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் அந்த ஊரில் இருக்கிறார். காப்பி குடித்தபடி என் பட்டியல் முழுவதையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “முட்டையிடலைன்னு எப்படித் தெரியும்?”

“கூடையில் முட்டை இல்லையே.”

“அது கூடையைப் பத்தின தகவல். கோழியைப் பார்த்தீங்களா?”

மூன்று விரல்

பார்ப்பது எளிது. கோழியைக் கையில் எடுத்து வாலுக்குக் கீழே தடவினால் இரண்டு மெல்லிய எலும்புகளின் நுனி தட்டுப்படும். முட்டையிடும் கோழிக்கு அவற்றின் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும். நிறுத்திய கோழிக்கு ஒரு விரல்தான். முட்டை வரும் வாய் ஈரமாக, அகலமாக, வெளுப்பாக இருந்தால் இடுகிறது. சுருங்கி உலர்ந்திருந்தால் இடவில்லை. கொண்டை சிவந்து மெத்தென்று இருப்பதும் ஓர் அடையாளம்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கோழியை அக்கா பிடித்துக்கொடுத்தார். எனக்கு எலும்பே அகப்படவில்லை. “இப்படிக் கொடு” என்று வாங்கித் தானே பார்த்தார். அக்காவின் மூன்று விரல் தாராளமாக நுழைந்தது. சுண்டுவிரலால் இன்னும் கொஞ்சம் தடவினார். முகம் மாறியது.

“உள்ள முட்டை இருக்குதுடா. இன்னிக்கு இடும்.”

இந்தச் சோதனை அக்காவுக்குப் புதிதல்ல. வெடைக்கோழி முதல் முட்டைக்குத் தயாரா என்று இப்படித்தான் பார்ப்பார்கள். மூன்று வயதுக் கோழியை யாரும் பார்ப்பதில்லை. கூடை காலி என்றதும் மாமாவுக்கு வயது தோன்றியது. எனக்குப் புத்தகம் தோன்றியது. கோழியைத் தூக்கிப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

இனி கேள்வியே வேறு. கோழி ஏன் நிறுத்தியது என்பதல்ல. முட்டை எங்கே போகிறது என்பது. நாயா, கீரியா, பாம்பா? அப்படியானால் கிராமப்பிரியா முட்டைகளும் காணாமல் போக வேண்டும். கோழியே குடித்துவிடுகிறதா? கூடையில் மஞ்சள் கறையோ ஓட்டுத் துணுக்கோ இல்லை. ஆக, இடுகிற இடம் மாறியிருக்க வேண்டும்.

ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே. இந்தக் கூடுதல் ஓரிரண்டு மணியால் தினமும் கொஞ்சம் தாமதமாகி, பிற்பகல் ஆகிவிட்டால் ஒருநாள் விட்டுவிடும். பெரும்பாலும் முற்பகலில் முட்டையிடும். ஆகவே கோழியைப் பத்தரை மணி வரை கூண்டில் அடைத்துவைத்தோம். உள்ளே அது தவித்தது. கதவைத் திறந்ததும் தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டமும் நடையுமாக மாட்டுக் கொட்டகையைத் தாண்டி, சுவரில் இருந்த இடுக்கு வழியாக நுழைந்து, பக்கத்துக் காலிமனையில் அடுக்கியிருந்த வேர்க்கடலைக் கொடிப் போருக்குப் பின்னால் மறைந்தது.

முக்கால் மணி கழித்துப் போருக்கு வெகுதூரத்தில், முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டு கொக்கரித்தது. இட்ட இடத்தை விட்டு விலகி வந்து சத்தம் போடுவது கோழியின் பழக்கம். இத்தனை நாளும் பூனையைக் கண்டு கத்துகிறது என்று அக்கா நினைத்திருக்கிறார்.

போருக்குள் முதலில் கையை விடவில்லை, குச்சியைத்தான் விட்டோம். முட்டை இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கலாம். பாம்பு இல்லை. கொடிகளுக்கு நடுவே குழிந்த இடத்தில் 11 முட்டை இருந்தது. கடைசியாக இட்டது இன்னும் சூடாக இருந்தது.

கூடையின் குற்றம்

விசாரணை இத்தோடு முடியவில்லை. மூன்று வருடமாகப் பழகிய கூடையை ஒரு கோழி ஏன் விட்டுப்போக வேண்டும்?

விடை ராத்திரி கிடைத்தது. மாட்டுக் கொட்டகை மூலையில் தொங்கிய அந்த மூங்கில் கூடைக்கு அடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கூடையைத் தட்டினோம். டார்ச் வெளிச்சத்தில் மிளகாய்ப் பொடி தூவியதுபோல் புள்ளிகள் நகர்ந்தன. விரலால் தேய்த்தால் ரத்தக் கறை. கோழிப்பேன். பேன் என்று சொன்னாலும் இது எட்டுக்கால் உண்ணி வகை. பகலில் மூங்கில் பிளவுகளிலும் வைக்கோலிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். ஜனவரியில் 21 நாள் அடை உட்கார்ந்தபோது அந்தக் கோழியின் ரத்தத்திலேயே பெருகியிருக்கிறது. பொரித்த பிறகு யாரும் வைக்கோலை மாற்றவில்லை. ரத்தம் கிடைக்காமல் பல மாதம்கூடத் தாக்குப்பிடிக்கும் ஜந்து இது. ஏப்ரலில் கோழி திரும்பிவந்து ஏழு முட்டை இட்டுப் பார்த்திருக்கிறது. கடி பொறுக்காமல் வேறு இடம் தேடிப் போய்விட்டது. கிராமப்பிரியாக்கள் இடுவது எதிர் மூலையில் உள்ள பழைய மரப்பெட்டியில். அங்கே இன்னும் பரவவில்லை.

சனிக்கிழமை முழுக்க வேலை. வைக்கோலைக் கொளுத்தினோம். கூடையின் மேல் கொதிநீரை ஊற்றி இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டோம். கொட்டகைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழியில் கொட்டினோம். கோழிகள் மூன்றும் அதில் புரண்டு சிறகடித்துக் குளித்தன. பத்து நாள் கழித்து இதையெல்லாம் மறுபடி செய்யச் சொன்னார் மருத்துவர். முதல் முறை தப்பிய பேன் முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும்.

கிடைத்த முட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார் அக்கா. படுத்தது புதுசு, நிமிர்ந்து நின்றது பழசு, மிதந்தது வீண். சேவல் சேர்ந்த முட்டை 27 டிகிரிக்கு மேல் கிடந்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். சித்தூர் மே மாதத்தில் ராத்திரியும் புழுக்கம்தான். தேறியது மூன்றுதான். எட்டைக் குழிவெட்டிப் புதைத்தோம். அக்காவுக்கு அந்த எட்டும் கண்ணில் நின்றது. ஆனாலும் ஒரு கோழி மிஞ்சியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தார். சங்கடிக்குக் கடையிலிருந்து பண்ணைக்கோழி வந்தது. மாமா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “சப்புன்னு இருக்குது” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

ஜூன் இரண்டாம் வாரத்தில் அக்கா தொலைபேசியில் பேசினார். சுத்தமான கூடையில், புது வைக்கோலில், கரிக்கோடு போட்ட ஒரு முட்டையை அடையாளத்துக்கு வைத்திருந்தாராம். கோழி மறுநாளே திரும்பி வந்துவிட்டதாம். 13 முட்டை இட்ட பிறகு இப்போது அடையில் உட்கார்ந்திருக்கிறது.

“முட்டை நின்னுபோச்சு” என்றார் அக்கா, சிரித்துக்கொண்டே.